விளக்கு அணைந்தது, மின்சாரம் போயிற்றா?

வெந்நீர்த் தொட்டி ஒன்று எனக்குக் கற்பித்த பாடத்தை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கல்லூரியில் மின்னியல் நடத்தும் ஆசிரியனுக்கு ஒரு வெந்நீர்த் தொட்டி பாடம் கற்பிப்பதா என்று நீங்கள் சிரிக்கலாம். முழுவதையும் கேட்டபின் சிரிக்க மாட்டீர்கள்.

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் வாரம் அது. பட்டப்படிப்பு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு. தெர்மிஸ்டர் என்னும் சிறு பொருளின் மின்தடை, வெப்பநிலை உயர உயர எவ்வாறு குறைகிறது என்று கண்டறிவதே அன்றைய சோதனை. தெர்மிஸ்டரை எண்ணெய் ஊற்றிய சோதனைக் குழாயில் வைத்து, அக்குழாயை வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்தி, 40, 50, 60 டிகிரி செல்சியஸ் என்று ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளவெடுக்க வேண்டும்.

தொட்டி எவர்சில்வரால் ஆனது. அடியில் 1000 வாட் ஹீட்டர். பக்கத்தில் ஒரு திருகு. வேண்டிய வெப்பநிலைக்கு அதைத் திருப்பி வைத்துவிட்டால் போதும். நீர் அந்த வெப்பநிலையை அடைந்ததும் 'கிளிக்' என்று ஓர் ஓசை கேட்கும். சிவப்பு விளக்கு அணையும். நீர் சற்றுக் குளிர்ந்ததும் மீண்டும் 'கிளிக்'; விளக்கு எரியும். 

ஒரு மாணவியும் ஒரு மாணவரும் சேர்ந்து சோதனையைச் செய்துகொண்டிருந்தனர். நீர் 40 டிகிரியை எட்டியது. விளக்கு அணைந்தது. அந்தப் பெண் இடக்கையால் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குழாயை மூடிக்கொண்டே, வலக்கையால் தொட்டியின் விளிம்பைத் தொட்டாள். மறுகணம் "ஐயோ!" என்ற அலறல். சோதனைக் குழாய் தரையில் விழுந்து நொறுங்கியது.

ஓடிப் போய், "என்னம்மா ஆயிற்று?" என்றேன். "ஷாக் அடித்தது சார்!" என்றாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் தடுப்பதற்குள் அவளுடைய தோழர் ஒரு கையைத் தொட்டியிலும் மறு கையைக் குழாயிலும் வைத்துவிட்டார். "ஒன்றும் இல்லையே சார்!" என்றார். அப்போது சிவப்பு விளக்கு மீண்டும் எரிந்துகொண்டிருந்தது. "பார் அம்மா, ஹீட்டர் ஓடும்போதே ஒன்றும் செய்யவில்லை. விளக்கு அணைந்திருந்தபோதா ஷாக் அடித்திருக்கும்?" என்று கேட்க என் வாய் திறந்தது. நல்ல வேளையாகக் கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

அந்தப் பெண் சொன்னது முழு உண்மை என்று அன்று மாலை தெரிந்தது. விளக்கு எரியும்போது தொட்டியில் ஷாக் இல்லை. விளக்கு அணைந்தால் ஷாக் உண்டு! தலைகீழாக இருக்கிறதே என்கிறீர்களா? அந்தப் புதிரைத்தான் நாம் இப்போது அவிழ்க்கப் போகிறோம்.

வெப்பநிலையைக் காக்கும் காவல்காரன்

முதலில் 'கிளிக்' என்று ஓசை எழுப்பும் கருவியைப் பார்ப்போம். அதன் பெயர் தெர்மோஸ்டாட். தமிழில் வெப்பநிலைக் காப்பி எனலாம். வெப்பநிலையைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் எண்ணம் மிகப் பழையது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த கார்னேலியஸ் டிரெபல் என்னும் டச்சுக்காரர், பாதரசம் ஏறி இறங்குவதைக் கொண்டு காற்று வழியைத் தானே திறந்து மூடும் அடுப்பு ஒன்றைச் செய்தார். 1830ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு வேதியியலறிஞர் ஆண்ட்ரூ யூர், இரு உலோகப் பட்டையால் இயங்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தெர்மோஸ்டாட் என்று பெயர் சூட்டியவரும் அவரே.

இரு உலோகப் பட்டையைப் பற்றி நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். பித்தளைத் தகட்டையும் இன்வார் என்னும் நிக்கல் எஃகுத் தகட்டையும் ஒன்றோடொன்று ஒட்டியது அது. சூடேறினால் பித்தளை, இன்வாரைப் போல் பத்து மடங்குக்கு மேல் நீளும். இரண்டும் ஒட்டியிருப்பதால் பட்டை வளைந்துகொடுக்கிறது. வளைந்த பட்டை தொடுமுனையை விட்டு விலகும்; மின்சுற்று அறுபடும். குளிர்ந்தால் நிமிரும், மின்சுற்று இணையும். நம் இஸ்திரிப் பெட்டியில் இருப்பதும் இதுவே.

இந்தக் காவல்காரன் காப்பது வெப்பநிலையை மட்டுமே. உங்கள் உயிரைக் காக்கும் வேலை அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. ஹீட்டருக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. அவன் அறுப்பது ஒன்றை மட்டும். எந்த ஒன்றை என்பதில்தான் நம் புதிரின் விடை இருக்கிறது.

எந்தக் கம்பியில் ஸ்விட்ச்?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். ஃபேஸ், நியூட்ரல் என்ற இரு கம்பிகள் வழியாக அது வருகிறது. மின்மாற்றி இருக்கும் இடத்தில் நியூட்ரல் கம்பியைப் பூமியோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். எனவே நியூட்ரலுக்கும் பூமிக்கும் இடையே மின்னழுத்தம் ஏறத்தாழச் சுழி. ஃபேஸுக்கும் பூமிக்கும் இடையே 230 வோல்ட்.

ஹீட்டருக்குள் ஒரு நிக்ரோம் கம்பிச் சுருள் இருக்கிறது. 230 வோல்ட்டில் 1000 வாட் தர வேண்டுமானால் அதன் தடை சுமார் 53 ஓம் இருக்க வேண்டும், அதில் 4.35 ஆம்பியர் ஓடும். சுருளின் ஒரு முனை ஃபேஸில், மறு முனை நியூட்ரலில். மின்சாரம் ஓடும்போது முதல் முனையில் 230 வோல்ட். நடுவில் 115 வோல்ட். கடைசி முனையில் ஏறத்தாழச் சுழி. மாடிப்படி இறங்குவதுபோல் மின்னழுத்தம் படிப்படியாக இறங்குகிறது.

இப்போது தெர்மோஸ்டாட்டை ஃபேஸ் கம்பியில் வைத்ததாகக் கொள்வோம். பட்டை வளைந்தால் ஃபேஸ் அறுபடும். சுருள் முழுவதும் நியூட்ரலோடு மட்டும் இணைந்திருக்கும். எங்கு தொட்டாலும் சுழி வோல்ட். இதுவே முறையான அமைப்பு.

தெர்மோஸ்டாட் நியூட்ரல் கம்பியில் அமைந்துவிட்டால்? பட்டை வளைந்ததும் நியூட்ரல் அறுபடும். மின்சாரம் ஓடாது, விளக்கு அணையும், நீர் சூடேறாது. ஆனால் சுருள் இன்னும் ஃபேஸோடு இணைந்தேயிருக்கிறது. ஓட்டம் இல்லாததால் இறங்குமுகமும் இல்லை. முதல் முனை 230 வோல்ட், நடு 230 வோல்ட், கடைசி முனையும் 230 வோல்ட்! சற்று முன்பு சுழியாக இருந்த இடம், விளக்கு அணைந்தவுடன் 230 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது.

மாடித் தொட்டியிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதை எண்ணிப் பாருங்கள். குழாயின் நுனியில் திருகு இருக்கிறது. திருகுக்குச் சற்று முன்னால் ஒரு சிறு ஓட்டை. திருகைத் திறந்துவிட்டால் தண்ணீர் வழியே ஓடுகிறது, ஓட்டையில் சொட்டுத்தான். திருகை மூடுங்கள், ஓட்டையிலிருந்து தண்ணீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். 'மூடிவிட்டேனே, ஏன் அடிக்கிறது?' என்று கேட்பீர்களா? மூடியதால்தான் அடிக்கிறது.

எங்கள் தொட்டியில் நடந்ததும் அதுவே. சுருளின் நியூட்ரல் முனைக்கு அருகில் ஓர் 'ஓட்டை' இருந்தது. விளக்கு எரியும்போது அங்கே அழுத்தம் இல்லை, மாணவர் தப்பினார். விளக்கு அணைந்தபோது அங்கே 230 வோல்ட்; மாணவி துடித்தாள்.

செய்து பாருங்கள்

இதை மின்கலத்தைக் கொண்டே பார்க்கலாம். 9 வோல்ட் மின்கலம் ஒன்று, 1000 ஓம் மின்தடை ஒன்று, சிறிய ஸ்விட்ச் ஒன்று, மல்ட்டிமீட்டர் ஒன்று போதும். மின்கலத்தின் நேர்முனையிலிருந்து மின்தடைக்கும், அங்கிருந்து ஸ்விட்ச்சுக்கும், ஸ்விட்ச்சிலிருந்து எதிர்முனைக்கும் இணையுங்கள். மின்தடையும் ஸ்விட்ச்சும் சேரும் இடத்துக்கும் எதிர்முனைக்கும் இடையே மல்ட்டிமீட்டரை வையுங்கள். ஸ்விட்ச்சைப் போட்டால் சுழி. அணைத்தால் ஏறத்தாழ 9 வோல்ட்!

பிறகு ஸ்விட்ச்சை நேர்முனைக்கும் மின்தடைக்கும் இடையே மாற்றி வையுங்கள். இப்போது ஸ்விட்ச்சை அணைத்தால், மின்தடையின் எந்த முனையிலும் எதிர்முனைக்கு எதிராக மின்னழுத்தம் இராது. ஸ்விட்ச் ஒன்றுதான், வைத்த இடந்தான் வேறு. இந்தச் சோதனையை மின்கலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தில் ஒருநாளும் செய்து பார்க்கக் கூடாது.

ஈரம் நுழைந்த வழி

ஓட்டை என்றேனே, அது என்ன? ஹீட்டரின் அமைப்பைப் பார்த்தால் புரியும். நிக்ரோம் சுருளை ஓர் உலோகக் குழாயின் நடுவில் வைத்து, சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்ணிறத் தூளை இறுக்கி நிரப்பியிருப்பார்கள். இந்தத் தூள் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு குணமும் ஒன்றாக அமைந்த பொருள்கள் குறைவு. அதனால்தான் வெந்நீர் ஹீட்டர்களில் எல்லாம் இது இடம் பெற்றிருக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை இது உறிஞ்சும். ஈரமேறிய தூளின் மின்காப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஈரம் புகாதிருக்கக் குழாயின் இரு முனைகளையும் அடைத்திருப்பார்கள். எங்கள் ஹீட்டரின் ஒரு முனையில், அதாவது நியூட்ரலோடு சேர்ந்துவிட்ட முனையில், அந்த அடைப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தது. விடுமுறை முழுவதும் அலமாரியில் கிடந்த ஹீட்டர் அதன் வழியே ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்திருக்கிறது.

கல்லூரியின் மின்பணியாளர் 'மெக்கர்' என்னும் கருவியைக் கொண்டு வந்தார். 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தைக் கொடுத்து மின்காப்பை அளக்கும் கருவி அது. சுருளுக்கும் வெளிக்குழாய்க்கும் இடையே பத்து லட்சம் ஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய தடை, 50,000 ஓம் அளவுக்கு இறங்கியிருந்தது. ஹீட்டரைக் கழற்றி உலர்த்தும் அடுப்பில் ஒரு நாள் வைத்து எடுத்து மறுபடி அளந்தார். இருபது லட்சம் ஓமைத் தாண்டியது! ஈரமே குற்றவாளி என்பது உறுதியாயிற்று. வெடிப்பு அப்படியே இருப்பதால் அது மறுபடியும் ஈரத்தைக் குடிக்கும். ஆகவே அந்த ஹீட்டரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தினோம்.

உடல் தாங்கும் மின்னோட்டம் எவ்வளவு?

அந்தப் பெண்ணின் உடல் வழியே எவ்வளவு மின்னோட்டம் பாய்ந்திருக்கும்? ஓம் விதி நமக்குத் துணை. ஈரக் கையோடு இருக்கும்போது ஒரு கையிலிருந்து மறு கை வரை உடலின் தடையைச் சுமார் 1500 ஓம் எனக் கொள்வோம். ஆளுக்கு ஆள், ஈரத்துக்கு ஈரம் இது மாறும். வழியில் ஹீட்டரின் 50,000 ஓமும் இருக்கிறது. 230 வோல்ட்டை 51,500 ஓமால் வகுத்தால் சுமார் 4.5 மில்லி ஆம்பியர்.

இது பெரிதா, சிறிதா? அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் தாமாக முன்வந்த மனிதர்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார். மின்கம்பியைப் பிடித்த கையை ஒருவர் தம் விருப்பப்படி விட முடிகின்ற மின்னோட்டம் எவ்வளவு என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். அதற்கு மேல் போனால் கைத்தசைகள் இறுகிவிடும். விட நினைத்தாலும் கை விடாது. 'மின்சாரம் ஆளைப் பிடித்து இழுக்கிறது' என்று மக்கள் சொல்வது இதைத்தான். உண்மையில் மின்சாரம் இழுப்பதில்லை. நம் தசையே நம் சொல்லைக் கேட்பதில்லை.

ஏறத்தாழ அளவுகள் இவை:

அரை முதல் 1 மில்லி ஆம்பியர் வரை: இலேசான கூச்சம்.
5 மில்லி ஆம்பியர் அளவில்: வலி, திடுக்கிட்ட உதறல்.
10 முதல் 16 வரை: பிடித்த கை விடாத நிலை.
30-ஐத் தாண்டிச் சில வினாடிகள் நீடித்தால்: மூச்சு இயக்கும் தசைகள் இறுகும், உயிருக்கு ஆபத்து தொடங்கும்.
50 முதல் 100-ம் அதற்கு மேலும்: இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் மரணம்.

100 மில்லி ஆம்பியர் என்பது பழைய டார்ச் பல்பு எரியத் தேவையான மின்னோட்டத்தில் பாதிகூட இல்லை! கையிலிருந்து கைக்குப் போகும் மின்னோட்டம் மார்பைக் கடந்து, இதயத்தின் வழியே போகிறது என்பதையும் மறவாதீர்கள்.

எங்கள் மாணவி 4.5 மில்லி ஆம்பியரில் தப்பினாள். அவளைக் காத்தது எங்கள் ஆய்வகத்தின் ஒழுங்கன்று. ஹீட்டரில் மிஞ்சியிருந்த 50,000 ஓம் தடைதான். இன்னும் சில வாரங்களில் அந்த முனை முற்றிலும் கெட்டிருந்தால், வழியில் அவள் உடலின் 1500 ஓம் மட்டுமே இருந்திருக்கும். 230-ஐ 1500-ஆல் வகுத்துப் பாருங்கள்: 153 மில்லி ஆம்பியர். அந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மூன்றாவது கம்பி

மின்பணியாளர் தொட்டியைச் சோதித்தபோது முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "இந்த ரெண்டு முனைப் பிளக்கை மாட்டினது யாருங்க சார்?"

மாட்டியவன் நானே. முந்தைய மார்ச் மாதம் செய்முறைத் தேர்வு நாளன்று, தொட்டியின் மூன்று முனைப் பிளக் உடைந்துபோயிற்று. தேர்வாளர் காத்திருந்தார், மாணவர்கள் காத்திருந்தனர். மேசை விசிறியின் பழைய இரு முனைப் பிளக் ஒன்று கைக்குக் கிடைத்தது. இரண்டு கம்பிகளை அதில் மாட்டினேன். மிஞ்சிய பச்சைக் கம்பியை மடித்து ஒட்டுநாடாவால் சுற்றினேன். 'நாளைக்குச் சரியான பிளக் வாங்கி மாட்டிவிடலாம்' என்று எண்ணிக்கொண்டேன். தொட்டி அன்று துல்லியமாக வேலை செய்தது. அதனாலேயே அந்த 'நாளை' வரவில்லை.

அந்த ஒரே செயலால் இரண்டு தீங்குகளை உண்டாக்கினேன். முதலாவது, இரு முனைப் பிளக்கை எப்படித் திருப்பியும் செருகலாம். சரியாகச் செருகினால் தெர்மோஸ்டாட் ஃபேஸில் அமையும். திருப்பிச் செருகினால் நியூட்ரலில் அமையும். அன்று திருப்பிச் செருகப்பட்டிருந்தது. இரண்டாவது, பச்சைக் கம்பி. அதுதான் எர்த் கம்பி, நில இணைப்பு. தொட்டியின் உலோக உடலைப் பூமியோடு இணைப்பது அதன் பணி.

எர்த் கம்பி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணக்கிடுவோம். எர்த் வழியின் தடை 1 ஓம் எனக் கொள்ளுங்கள். ஈரத்தால் கசியும் 4.6 மில்லி ஆம்பியருக்கு இப்போது இரண்டு வழிகள்: 1 ஓம் எர்த் கம்பி, 1500 ஓம் மாணவி. 1500 பங்கு கம்பியில் போனால் ஒரு பங்குதான் மாணவி வழியே போகும். அது 0.003 மில்லி ஆம்பியர். உணரவே முடியாது.

மூன்று முனைப் பிளக்கை எடுத்துப் பாருங்கள். எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். நீளமாக இருப்பதால், செருகும்போது முதலில் எர்த் இணையும். பிடுங்கும்போது கடைசியாக விலகும். மின்சாரம் வருமுன் காவல் வந்துவிடுகிறது. மின்சாரம் போனபின்னரே காவல் போகிறது. தடிமனாக இருப்பதால், அது தவறான துளைக்குள் நுழையாது. எனவே பிளக்கைத் திருப்பிச் செருக வழியில்லை. நான் உடைந்ததென்று கழற்றிப் போட்ட பிளக்கில் இத்தனை அறிவு அடங்கியிருந்தது.

உருகி யாரைக் காக்கும்?

"சார், ப்யூஸ் போயிருக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆய்வகத்தில் 15 ஆம்பியர் மின் உருகி இருந்தது. மாணவி வழியே போனது 0.0045 ஆம்பியர். உயிரைப் பறிக்கக்கூடிய 0.153 ஆம்பியர் போயிருந்தாலும் உருகிக்கு அது ஒரு பொருட்டே அன்று. உருகி காப்பது கம்பிகளை. அவை சூடேறித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும்.

உருகியும் எர்த் கம்பியும் கைகோத்தால்தான் மனிதனுக்குக் காவல். ஃபேஸ் நேராகத் தொட்டி உடலைத் தொட்டுவிட்டது. எர்த் வழியின் தடை 1 ஓம் என்றால் 230 ஆம்பியர் பாய முயலும். உருகி கணத்தில் அறுந்துவிடும். எர்த் குழி வறண்டு, தடை 20 ஓமாக ஏறிவிட்டால்? 11.5 ஆம்பியர்தான் பாயும். 15 ஆம்பியர் உருகி அசையாமல் இருக்கும். தொட்டியின் உடலும் ஆபத்தான மின்னழுத்தத்திலேயே நிற்கும். எர்த் குழியில் கரியும் உப்பும் இடுவதும், கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

இந்தக் குறையைப் போக்க வந்த கருவியை நம் நாட்டில் ஆர்.சி.சி.பி. என்கிறார்கள். கடைகளில் இ.எல்.சி.பி. என்ற பழைய பெயரும் வழங்குகிறது. ஃபேஸ் வழியே போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்புகிறதா என்று இது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரு கம்பிகளும் ஓர் இரும்பு வளையத்தின் ஊடே செல்கின்றன. போவதும் வருவதும் சமமானால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எங்காவது கசிந்தால் கணக்கு உதைக்கும். வளையத்தில் காந்தப் புலம் எழும். அது ஸ்விட்ச்சைத் தட்டிவிடும். மனிதரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் வகையைப் பொருத்துகிறார்கள். கசிவு 150 மில்லி ஆம்பியரானால் 0.04 வினாடிக்குள் அது மின்சாரத்தை வெட்டிவிட வேண்டும் என்பது விதி. ஒரு முறை இதயம் துடிக்கும் நேரத்தில் இது மிகச் சிறிய பங்கே. முன்னர் சொன்ன டால்சியல்தான் 1961இல் அமெரிக்காவில் இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கியவர்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால் கணக்கு சரியாகவே இருக்கும்; கருவி உங்களை ஒரு ஹீட்டராகவே எண்ணிக்கொள்ளும். ஆகவே ஆர்.சி.சி.பி. இருக்கிறதென்று எர்த்தைக் கைவிடக் கூடாது.

புதிய கருவிகளில்?

இன்றைய வெந்நீர்த் தொட்டிகளில் எண்கள் ஒளிரும் மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறது. வெப்பநிலையைப் பத்தில் ஒரு டிகிரி வரை காட்டுகிறது. பட்டைக்குப் பதில் குறைகடத்தி ரிலே இருக்கும். ஆனால் பாடம் பழையதே. பல கருவிகளில் அந்த ரிலேயும் ஒரு கம்பியை மட்டுமே வெட்டுகிறது. அணைந்த நிலையிலும் சிறிதளவு மின்னோட்டத்தைக் கசியவிடும். பழுதானால் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே நின்றுவிடும். நீர் கொதித்துக்கொண்டே போகும். அதனால்தான் நல்ல கருவிகளில், வெப்பம் அளவு மீறினால் மின்சாரத்தை வெட்டும் தனிப் பாதுகாப்பு ஒன்றையும் வைக்கிறார்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. நீர்த் தொட்டிக்குள் கை விடுமுன், குழாயையோ வெப்பமானியையோ எடுக்குமுன், சுவரிலுள்ள ஸ்விட்ச்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். சிவப்பு விளக்கை நம்பாதீர்கள்.

2. உலோக உடல் கொண்ட கருவியில் இரு முனைப் பிளக்கைக் கண்டால் பயன்படுத்தாதீர்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். புதிய கம்பிகளில் எர்த் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், பழையவற்றில் பச்சை.

3. மின்கருவியைத் தண்ணீர்க் குழாய்க்கும் தொட்டிக்கும் எட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். ஒரு கையால் கருவியையும் மறு கையால் குழாயையும் தொடாதீர்கள்.

4. ஹீட்டர் மூழ்கும் அளவுக்கு நீர் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே மின்சாரம் கொடுங்கள். நீர் வற்றினால் ஹீட்டர் வெடித்துக் காப்புக் கெடும்.

5. நெடுநாள் கிடந்த ஹீட்டரை, மின்பணியாளர் காப்புத் தடையை அளந்து பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

6. ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த பொத்தான் இருக்கும். பெரியவர்களைக் கொண்டு அவ்வப்போது அதை அழுத்திச் சோதியுங்கள். மின்சாரம் நின்றால் கருவி நலமாக இருக்கிறது.

7. வீட்டில் வாளித் தண்ணீரில் ஹீட்டரைப் போட்டுவிட்டு, சூடு பார்க்க விரலை விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு விடுங்கள்.

8. யாருக்கேனும் ஷாக் அடித்து, பிடித்த கை விடாமலிருந்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். மூச்சு இல்லையேல் 108-க்குத் தகவல் கொடுத்து, பயிற்சி பெற்றவர் உடனே மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

எங்கள் தொட்டியில் மூன்று குறைகள் இருந்தன: ஈரமேறிய ஹீட்டர், திருப்பிச் செருகிய பிளக், அறுபட்ட எர்த். மூன்றும் இருந்தபோதும் அது 40 டிகிரியைச் சரியாகவே காட்டியது. ஒரு கருவி நன்றாக வேலை செய்வதும் அது பாதுகாப்பாக இருப்பதும் வேறு வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அடுத்த வாரம் அதே மாணவி அதே சோதனையைச் செய்ய வந்தாள். தொட்டியைக் குழாயிலிருந்து தள்ளி வேறு மேசையில் வைத்திருந்தோம். அவள் முதலில் குனிந்து பிளக்கைப் பார்த்தாள். மூன்று முனைகள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். விளக்கு அணைந்ததும் தானே போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் சோதனைக் குழாயைத் தொட்டாள். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.